ஐம்பத்திரண்டு வெள்ளிக்கிழமைகள்

எங்கள் குசினியில் பாட்டுக்குத் தடையில்லை, பத்ரோன் மேலே இருக்கும்வரை. சனி ஞாயிறுகளில் கோப்பை கழுவ வருகிற பெடியன் ஒருவன் இருக்கிறான். இங்கே பிறந்தவன், படிக்கிறவன். தனது ரெலிபோனை வெறும் வாளி ஒன்றுக்குள் வைத்துப் பாட்டுப் போடுவான். வாளி சத்தத்தைப் பெருப்பித்துக் கொடுக்கும். கடைசி ஓடரும் போய், நான் அடுப்பு உரஞ்சிக்கொண்டிருந்த ஒரு சனியிரவில், 'கோட் மங்கி' என்ற ஆங்கிலப் பாட்டை அப்படித்தான் முதன்முதலாகக் கேட்டேன். பாடுகிறவன் தன்னை 'நான்' என்று சொல்லவில்லை. வினைச்சொற்களை மொட்டையாக விட்டுவிட்டுப் பேசுகிறான். என்னுடைய ஆங்கிலம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் இருந்த அளவுக்குத்தான். (மூன்றாம் வருடத்துக்கு நாடு விடவில்லை.) அதற்குள்ளும் பிழை தெரிந்தது. "என்னடா, இந்த வெள்ளைக்கும் எங்களைப்போலப் பாஷை வராதோ?" என்று கேட்டேன். "அண்ணை, அவன் வேணுமெண்டுதான் பிழையாப் பாடுறான்" என்றான்.

வேண்டுமென்றே பிழையாகப் பேசுவது என்பது எனக்குப் பெரிய வசதியாகப் பட்டது. யார் இந்த ஆள் என்று தேடத் தொடங்கியது அதனால்தான்.

ஜொனதன் கோல்ற்றன், நியூயோர்க்கின் புறூக்ளினில் இருந்தவர். கொம்பியூட்டர் நிரல் எழுதுவது அவருக்குத் தொழில். பாட்டு, வேலை முடிந்த பின்னான நேரத்துக்குரியது. 2005இல், முப்பத்துநாலு வயதில், வேலையை விட்டார். செப்ரெம்பரில் தனக்குத்தானே ஒரு விதி போட்டார்: ஒரு வருடத்துக்கு, வாரம் ஒரு பாட்டு. எழுதி, மெட்டமைத்து, வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து, வெள்ளிக்கிழமை வெளியே விட்டுவிட வேண்டும். நல்லதோ கெட்டதோ, வெள்ளி வந்தால் பாட்டுப் போகவேண்டும். வியாபாரம் செய்யாதவரையில் யாரும் பிரதிபண்ணலாம், பகிரலாம் என்று உரிமையையும் திறந்துவிட்டார். 2006 செப்ரெம்பரில் வருடம் முடிந்தது. 'வாரத்துக்கு ஒரு பொருள்' என்பதுதான் அவர் இந்த முயற்சிக்கு வைத்த பெயர். 'படைப்பு' என்று சொல்லவில்லை, 'பொருள்' என்றார். கடைச் சாமானைச் சொல்வதுபோல.

அதே புறூக்ளினில் இதற்கொரு முன்கதை உண்டு. 1983இல் 'தே மைற் பீ ஜயன்ற்ஸ்' என்ற இரண்டுபேர் குழுவில் ஒருவர் சைக்கிளில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொள்ள, மற்றவரின் வீட்டில் களவு போக, மேடையேற முடியாமல் போயிற்று. அவர்கள் ரெலிபோனில் தகவல் பதியும் இயந்திரத்தில் பாட்டைப் பதிந்து, இலக்கத்தைப் பத்திரிகையில் விளம்பரமாகப் போட்டார்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே கேட்கலாம். கை உடைந்ததற்காகப் பாட்டை நிறுத்தாத இந்தப் பிடிவாதத்தின் வாரிசுதான் கோல்ற்றன்.

இதை நண்பர்களிடம் சொன்னபோது வழக்கமான பதில் வந்தது. "கலை என்ன இட்லியே, கிழமைக்குக் கிழமை அவிச்சு இறக்க?" எங்கள் புகலிடச் சிறுபத்திரிகைச் சூழலில் இந்தப் பதிலுக்கு எப்போதும் மரியாதை உண்டு. பத்து வருடமாக ஒரு நாவலை 'மனதில் வைத்திருக்கிற' எத்தனையோ பேரை நாங்கள் இலக்கியச் சந்திப்புகளில் படைப்பாளி என்றுதான் அழைக்கிறோம். ஆனால் நேரத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பாடுவது எங்களுக்கு அந்நியமான விடயமா என்ன? நாற்கவிகளுள் ஆசுகவியை முதலில் வைத்தது எங்கள் மரபு. காளமேகத்தை எமகண்டத்தில் ஏற்றி, கொடுத்த கொடுத்த பொருளுக்கெல்லாம் பாடவைத்த கதையைச் சின்ன வகுப்பில் படித்திருக்கிறோம். ஈற்றடியைக் கொடுத்து வெண்பாக் கேட்டிருக்கிறோம். காளமேகத்துக்கு எதிரில் ஒரு சபை இருந்தது, தோற்கடிக்க ஆட்கள் இருந்தார்கள். கோல்ற்றனுக்கு எதிரில் இருந்தது கலண்டர். ஒருவரும் கட்டாயப்படுத்தாத இடத்தில் தானே போட்ட விதிக்குக் கட்டுப்படுவது எமகண்டத்தை விடக் கஷ்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பாட்டுகளுக்கு வருவோம். உள்ளதைச் சொன்னால், அந்த வருடத்தின் விளைச்சலில் பாதிக்கு மேல் எனக்கு வேண்டாம். பல பாட்டுகள் ஒரேயொரு பகிடியை வைத்துக்கொண்டு கிளம்பி, இரண்டாவது சரணத்திலேயே அதைச் செலவழித்துவிட்டு, மூன்றாவதில் நொண்டுகின்றன. புத்திசாலித்தனம் அதிகம். கேட்பவன் சிரித்தானா என்று பாட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. எல்லா வாத்தியத்தையும் ஒரே ஆள் ஒரே அறையில் பதிந்ததால் வாரத்துக்கு வாரம் ஒலியும் ஒன்றுபோலவே. போதாததற்கு, பல வாரங்களில் பிறருடைய பாட்டுகளைத் திருப்பிப் பாடியிருக்கிறார். இதென்ன கணக்கை நிரப்பும் வேலை என்று முதலில் எரிச்சல் வந்தது. இந்த எரிச்சலைப்பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆனால் 2006 ஏப்ரலில் வந்த 'கோட் மங்கி'யை எப்படித் தள்ளிவைப்பது? கூட்டத்தில் முதலாளியிடம் பேச்சு வாங்கி, வரவேற்பறையில் இருக்கிற பெண்ணுக்குக் குளிர்பானம் கொண்டுபோய்க் கொடுத்து, அவள் மறுக்க, திரும்பவும் கதிரைக்கு வருகிற ஒரு நிரலாளன். அவனுக்குச் சொற்கள் போதாது. கோல்ற்றனுக்கும் அவரைப்போலப் படித்தவர்களுக்கும் இந்த உடைந்த பேச்சு ஒரு வேடிக்கை வேசம். கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நான் பதினைந்து வருடமாகப் பிரெஞ்சில் இந்தக் குரங்கின் இலக்கணத்தில்தான் பேசுகிறேன். "நான் நாளை வருது", "கோழி இல்லை, முடிஞ்சது". என்னுடைய வேசத்தைக் கழற்ற முடியாது. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் பாட்டு அவனுடைய மொழியைப் பார்த்துத்தான் சிரிக்கிறது, அவனுடைய ஆசையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மெட்டு அவனை நம்புகிறது. ஆறு மாதம் உட்கார்ந்து செதுக்கியிருந்தால் இந்த மனிதனை அவர் முழுக் கோமாளியாகவோ முழுத் தியாகியாகவோ ஆக்கியிருப்பார் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை காப்பாற்றியிருக்கிறது.

'றீ: யுவர் பிறெயின்ஸ்' இன்னொரு விதம். தலைப்பே அலுவலகக் கடிதத்தின் விடயவரி. செத்தும் சாகாத பிணமாகிவிட்ட ஓர் உத்தியோகத்தன், கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் பழைய சக ஊழியனிடம், கதவைத் திறக்கும்படி கேட்கிறான், மூளையைத் தின்பதற்காக. ஆனால் கேட்கிற பாணி முழுக்க முழுக்கக் கூட்ட அறைப் பண்பு. எல்லோரும் நியாயமாக நடந்துகொள்வோம், ஒரு சமரசத்துக்கு வருவோம் என்கிற தொனி. பெடியன் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு நினைவில் வந்தது எனது முதலாவது நிராகரிப்புக் கடிதம். ஊரில் எனக்கு ஆபத்தில்லை என்று மூன்று பக்கத்தில் விளக்கிவிட்டு, கடைசி வரியில் எனக்குத் தங்களுடைய மேலான மதிப்பைத் தெரிவித்திருந்தார்கள். மொழிபெயர்த்துத் தந்த அண்ணை அந்த வரியையும் விடாமல் வாசித்தார்.

மூன்றாவதாக 'ஐம் யுவர் மூன்'. 2006 ஓகஸ்ற் 24ஆம் திகதி, பிறாக் நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் வாக்கெடுப்பு நடத்தி, புளூட்டோ இனிக் கிரகமில்லை என்று தீர்மானித்தது. கையைத் தூக்கி வாக்களித்தார்கள். அந்தத் தீர்மானம் சூடாக இருக்கும்போதே கோல்ற்றனின் பாட்டு வந்தது. புளூட்டோவின் துணைக்கோளான கேரன் பாடுகிறது. புளூட்டோவில் பாதியளவு பெரிய துணைக்கோள் அது. இரண்டும் ஒன்றுக்கொன்று எப்போதும் ஒரே முகத்தையே காட்டியபடி, நடுவில் உள்ள ஒரு வெற்றுப்புள்ளியைச் சுற்றி வருகின்றன. யார் யாரைச் சுற்றுகிறார்கள் என்று சொல்லமுடியாது. அவர்கள் உன்னை என்ன வகைக்குள் போட்டாலென்ன, நான் உன் நிலா என்பதுதான் பாட்டின் சாரம். பகிடிக்கு இடமிருந்தும் இந்த முறை பகிடியில்லை. கோல்ற்றன் அகதிகளை நினைத்து எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை, அவர் நினைத்திருக்கமாட்டார். அதுதான் நல்லது. எங்களில் ஒருவர் இதை எழுதியிருந்தால் இரண்டாவது வரியில் 'அகதி' என்ற சொல் வந்திருக்கும், மூன்றாவதில் 'முகவரி' தொலைந்திருக்கும். ஒரு கூட்டம் கூடி, வரைவிலக்கணம் எழுதி, வாக்கெடுத்து, நீ அதில் சேர்த்தியில்லை என்று சொல்வதன் குளிர் எப்படியிருக்கும் என்று அறிய அந்தச் சொற்கள் எதுவும் தேவைப்படவில்லை.

இனி அந்த எரிச்சலுக்கு வருகிறேன். போன வருடம் நானும் தொடங்கினேன். எனக்கு வெள்ளி சரிவராது, அன்று இரண்டு நேரச் சேர்விஸ். திங்கள் ரெஸ்ரோறன்ற் பூட்டு. திங்களுக்குத் திங்கள் ஒரு பாட்டு, ஓடர்த் துண்டுகளின் பின்பக்கத்தில். கோல்ற்றன் வேலையை விட்டுவிட்டுச் செய்தார், எனக்கு வேலையை விட்டால் விசாவும் ஆட்டம் காணும் என்று முறைப்பட்டபடிதான் தொடங்கினேன். (அவருடைய வீட்டிலும் அந்த வருடம் கைக்குழந்தை இருந்தது. மகளை நினைத்து அவர் எழுதிய பாட்டு, எனது வாழ்க்கையை நாசமாக்கிவிட்டாய் என்று சந்தோசமாகச் சொல்கிற பாட்டு, எனக்குப் பிடித்தவற்றில் ஒன்று. ஆகவே முறைப்பாட்டைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன்.) மூன்றாவது வாரம் கோப்பை கழுவும் மெசினைப்பற்றி, மோசம். நாலாவது வாரம் அம்மாவைப்பற்றி. ஒரு நாளைக்கு நூற்றியிருபது பேருக்குச் சமைக்கிறவனிடம் ரெலிபோன் எடுத்து "சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்கிற அம்மா. அதில் நாலு வரி தேறும். ஏழாவது வாரம்வரை போனேன். எட்டாவதில் குசினியில் ஒருவர் வருத்தமாகி, பூட்டின நாளிலும் துப்பரவுக்கு வரச்சொல்லி, துண்டு வெறுமையாகவே கிடந்தது. ஒன்பதாவது திங்கள் நேரமிருந்தது. எழுதவில்லை. எட்டு இல்லாமல் ஒன்பது எப்படி வரும் என்று ஒரு வீம்பு. நேரமில்லை என்று இத்தனை வருடம் நான் சொல்லிவந்தது முழு உண்மையில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

கோல்ற்றன் பிறருடைய பாட்டுகளைப் பாடிய வாரங்கள் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. கையில் ஒன்றுமில்லாத வெள்ளிக்கிழமைகளில் அவர் கடன்வாங்கியிருக்கிறார், மறைக்காமல். அப்படிக் கடன்வாங்கியவற்றில் ஒன்றுக்கு நடந்த கதையையும் கேளுங்கள். தொடக்க வாரங்களில், 'சேர் மிக்ஸ் அ லொட்' என்பவரின் 1992ஆம் ஆண்டு றாப் பாட்டான 'பேபி கொட் பேக்'குக்குத் தானே ஒரு மென்மையான மெட்டுப் போட்டுக் கிற்றாருடன் பாடினார். 2013 ஜனவரியில் 'கிளீ' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் அந்த மெட்டையே, அவருடைய பெயரைச் சொல்லாமல், பாவித்தது. அவர் தன்னுடைய பழைய ஒலிப்பதிவையே 'கிளீயின் பாணியில்' என்று பெயரிட்டுத் திரும்ப வெளியிட்டார். வந்த காசைத் தர்மத்துக்குக் கொடுத்தார். கணக்கை நிரப்பிய பாட்டு என்று நான் ஒதுக்கியதைத்தான் பெரிய இடத்தவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கடைசி வாரத்திலும் அவர் பாடியது சொந்தப் பாட்டில்லை. 'குயீன்' குழுவின் இரண்டு வெற்றிப் பாட்டுகளைச் சேர்த்துப் பாடினார். விளையாட்டரங்குகளில் ஆயிரக்கணக்கானோர் காலால் தட்டிப் பாடுகிற அந்தப் பாட்டுகளை ஒரு தனி மனிதன் தன் அறைக்குள் பாடுவதைக் கேட்கச் சிரிப்பாகவும் இருக்கிறது, களைப்பாகவும் இருக்கிறது. பாட்டாக அது சுமார்தான். நான் பலமுறை கேட்டுவிட்டேன்.

போன ஞாயிறு பெடியன் கேட்டான், "அண்ணை, உங்கட எட்டாவது என்னாச்சு?" அம்மம்மா பாடுகிற தாலாட்டு ஒன்றை, ஞாபகத்தில் உள்ள அளவுக்கு, அந்த வெறும் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். இரண்டு இடத்தில் வரி விடுபட்டிருக்கிறது. ஊருக்கு எடுத்து அம்மாவிடம் கேட்கவேண்டும்.