பகலில் கண்ணாடி, இரவில் கம்பளி

பசுமைக்குடில் என்றதும் நமக்கு ஓசூர்ப் பக்கம் காணும் பாலிஹவுஸ்தான் நினைவுக்கு வரும். அது உள்ளே சேரும் வெப்பத்தை வெளியே தள்ளப் படாதபாடு படுவது. இங்கே எடுத்துக்கொள்ளும் குடிலின் பாடு நேர் எதிரானது. கடும் குளிரில், காசு கொடுத்து உண்டாக்கிய வெப்பம் கூரை வழியே ஓடிவிடாமல் பிடித்துவைக்க வேண்டும். அதற்காகவே காற்றறைகள் கொண்ட பாலிகார்பனேட் தகடுகள் கூரைக்கு வந்தன. அவை நல்ல கண்டுபிடிப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கே போடுவது என்பதில்தான் தவறு நடக்கிறது.

தகட்டின் விளக்கத்தாளில் முதலில் கண்ணில் படுவது யூ மதிப்பு. உள்ளும் புறமும் 1 பாகை வேறுபாடு இருக்கையில், 1 சதுர மீட்டர் கூரை வழியே எத்தனை வாட் வெப்பம் தப்புகிறது என்று சொல்லும் எண் அது. 4 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 5.8. இரட்டைச் சுவர்த் தகடு 10 மில்லிமீட்டர் கனத்தில் 3 அளவுக்கு வந்துவிடும். 16 மில்லிமீட்டர் மூன்று சுவர்த் தகடு 2.4 வரை இறங்கும். 1000 சதுர மீட்டர் கூரை, உள்ளே 18 பாகை செல்சியஸ், வெளியே உறைநிலைக்கு 2 பாகை கீழே என்று வைத்துக் கணக்குப் போடலாம். கண்ணாடி வழியே 116 கிலோவாட் போகும். மூன்று சுவர்த் தகட்டின் வழியே 48. 12 மணி நேர இரவு ஒன்றில் மட்டும் 800 கிலோவாட் மணிக்கு மேல் மிச்சம். எரிவாயுவாகச் சொன்னால் 80 கன மீட்டருக்கு மேல். 2022இல் ஐரோப்பாவில் எரிவாயு விலை எகிறியபோது நெதர்லாந்தின் குடில் விவசாயிகள் பலர் வெப்பத்தைக் குறைத்தார்கள், நடவைத் தள்ளிப்போட்டார்கள். அந்த நிலையில் இருப்பவருக்கு இது சின்னக் கணக்கு இல்லை.

அப்படியானால், கிட்டத்தட்ட 10,000 ஹெக்டேர் குடில்கள் உள்ள அந்த நாடு ஏன் இன்னும் பெரும்பாலும் கண்ணாடிக்கு அடியிலேயே பயிர் செய்கிறது? 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு இரட்டை அடுக்குக் கூரைகளை அங்கே தீவிரமாகவே ஆராய்ந்தார்கள். தடையாக நின்றது ஒளி. ஒற்றைக் கண்ணாடி 90 விழுக்காடு ஒளியை உள்ளே விடும். இரட்டைச் சுவர்த் தகடு 80, மூன்று சுவர்த் தகடு 75 என்று இறங்கும். சுவர் கூடக் கூட வெப்பமும் நிற்கிறது, வெயிலும் நின்றுவிடுகிறது. தக்காளி, வெள்ளரி போன்றவற்றில் ஒளி 1 விழுக்காடு குறைந்தால் விளைச்சலும் ஏறக்குறைய 1 விழுக்காடு குறையும் என்பது அங்கே குடில் நடத்துபவர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. அந்நாட்டின் ஹேக் நகரம் வடக்கு 52 பாகையில் இருக்கிறது. டிசம்பர் நடுப்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 பாகைகூட ஏறுவதில்லை. வானமோ பெரும்பாலும் மூட்டம். ஜூனில் கிடைக்கும் ஒளியில் பத்தில் ஒரு பங்குதான் அப்போது கிடைக்கும். அந்தப் பத்தில் ஒரு பங்கிலும் கால்வாசியைக் கூரை விழுங்கினால் செடி எதைக் கொண்டு காய்க்கும்?

வெப்பக் காப்பு இரவின் தேவை, ஒளி பகலின் தேவை. நிலையான தகடு இரவில் செய்த உதவிக்குப் பகலில் வாடகை வாங்குகிறது. நெதர்லாந்துக்காரர்கள் கண்ணாடியை அப்படியே விட்டு, அதற்கு அடியில் மாலையில் விரிந்து காலையில் சுருங்கும் வெப்பத்திரையைக் கட்டினார்கள். சீனத்தின் ஷாண்டோங், லியாவோனிங் பகுதிகளில் வடக்கே கனத்த மண் சுவர், தெற்கே ஒற்றை நெகிழித்தாள், அதன்மேல் அந்தியில் உருட்டிப் போர்த்தும் வைக்கோல் பாய் என்று அமைத்தார்கள். விலை மலிவு, இரவு பகல் வேறுபாட்டை மதிக்கும் வடிவமைப்பு.

ஈரம் வேறொரு சிக்கல். குளிர்ந்த ஒற்றைக் கண்ணாடியின் உட்புறத்தில் செடிகள் வெளிவிட்ட நீராவி படிந்து வழிந்தோடிவிடும். காசில்லாமல் நடக்கும் ஈரநீக்கம் அது. காப்புத் தகட்டின் உட்புறம் குளிராததால் ஈரம் காற்றிலேயே தங்குகிறது. சாம்பல் பூஞ்சணம் வருகிறது. அதற்கு அஞ்சிச் சாளரத்தைத் திறந்தால், பிடித்துவைத்த வெப்பத்தில் ஒரு பங்கு போய்விடும். எரிபொருள் மிச்சம் ஏட்டில் உள்ளபடி கைக்கு வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம். பனி கொட்டும் ஊர்களில் இன்னொன்றும் உண்டு. கண்ணாடி வழியே கசியும் வெப்பம் கூரைப் பனியை உருக்கிவிடும். காப்புக் கூரையில் பனி உருகாமல் அப்படியே கிடக்கும். சட்டகம் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும், பனி சரியும் வரை ஒளியும் இல்லை.

தகட்டின் பக்கம் நின்றும் பேச வேண்டும். 10 மில்லிமீட்டர் தகடு சதுர மீட்டருக்கு 1.7 கிலோ, 4 மில்லிமீட்டர் கண்ணாடி 10 கிலோ. தகடு ஆலங்கட்டி மழைக்கு எளிதில் உடையாது. பெரிய பெரிய தகடுகளாகப் போடுவதால் மூட்டுகள் குறைந்து காற்றுக் கசிவும் குறையும். ஆனால் வேலை சுத்தமாக இருக்க வேண்டும். வெப்பத்தில் பாலிகார்பனேட் கண்ணாடியைப் போல ஏழு மடங்கு விரியும். 6 மீட்டர் தகடு, குளிர்கால இரவுக்கும் கோடை நடுப்பகலுக்கும் இடையே 50 பாகை மாறினால் 2 சென்டிமீட்டர் நீளும். திருகுக்குத் துளையை இறுக்கமாகப் போட்டவர் கூரையில் முதல் ஆண்டிலேயே விரிசல் வரலாம். காற்றறைகள் சரிவின் வாக்கிலேயே ஓட வேண்டும். மேல் வாயை முழுதாக அடைத்து, கீழ் வாயில் நீராவி வெளியேற வழிவிடும் நாடாவை ஒட்ட வேண்டும். இதை மறந்தால் அறைகளுக்குள் நீர் கோத்துப் பாசி பிடிக்கும். உள்ளே கைவிட்டுத் துடைக்கவும் முடியாது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சு பெரும்பாலான தகடுகளில் ஒரு பக்கம்தான். அதை உள்ளே திருப்பிப் போட்டுவிட்டால் சில ஆண்டுகளில் தகடு மஞ்சளித்து நொறுங்கும்.

இந்தத் தகட்டுக்கு உண்மையிலேயே ஏற்ற இடம் எது? எனக்கு லடாக்கின் லே நினைவுக்கு வருகிறது. 3500 மீட்டர் உயரம், வடக்கு 34 பாகை, குளிர்கால இரவில் உறைநிலைக்கு 20 பாகை கீழே. ஆனால் ஆண்டில் 300 நாளுக்கு மேல் பளீரென்ற வெயில். டிசம்பர் நடுப்பகலிலும் சூரியன் 32 பாகை உயரத்தில் நிற்கும். அங்கே குளிர் மிகுதி, ஒளிக்குப் பஞ்சமில்லை. ஒளியில் 20 விழுக்காட்டை இழந்தாலும் கீரைக்கும் கொத்தமல்லிக்கும் போதும். ஹேக்கைவிட லேயில் குளிர் பல மடங்கு கடுமை. இருந்தும் தகட்டுக் கூரை லேக்குத்தான் பொருந்துகிறது. தெர்மாமீட்டரை மட்டும் பார்த்துக் கூரையைத் தேர்ந்தெடுப்பவர் தவறுவது இங்கேதான். முதலில் கேட்க வேண்டியது, குளிர்காலத்தில் வெயில் எவ்வளவு என்பது.

அங்கேகூட முழுக் கூரையையும் தகட்டால் மூடச் சொல்லமாட்டேன். லடாக்கில் பரவியுள்ள குடில்களில் மூன்று பக்கம் மண் செங்கல் சுவர். இரட்டைச் சுவரின் நடுவே வைக்கோல் அல்லது மரத்தூள். கூரையின் வடக்குச் சரிவு வெயில் வராத பக்கம் என்பதால் அதையும் மூடிவிடுகிறார்கள். ஒளி நுழையாத இடத்தில் ஒளி ஊடுருவும் பொருளுக்குச் செலவழிப்பதில்லை என்ற அந்த எளிய அறிவை எனக்கு மிகவும் பிடிக்கும். தெற்குச் சரிவுக்கு மட்டும் 10 மில்லிமீட்டர் இரட்டைச் சுவர்த் தகடு போதும். அதைக் குளிர்கால வெயிலை நேராக வாங்கும்படி 50 பாகைக்கு மேல் செங்குத்தாக நிறுத்தி, அடியில் இரவுத்திரை ஒன்றும் கட்ட வேண்டும். மூன்று சுவர், ஐந்து சுவர் என்று ஏறிக்கொண்டே போகும் பணத்தை அந்தத் திரைக்கும், கதவிடுக்கு அடைப்புக்கும், நடுப்பகலில் ஈரத்தை வெளிவிடும் சிறு சாளரத்துக்கும் கொடுக்கலாம்.