காப்புப் புல்வெளியில் சைக்கிள் பாதைகள்

நெதர்லாந்தின் ஹெல்டர்லாந்து மாகாணத்தில் ஆர்னம், ஏடே, அப்பல்டோர்ன் ஆகிய ஊர்களுக்கு நடுவே ஏறத்தாழ 5,400 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருக்கிறது டி ஹோகே வேலுவே தேசியப் பூங்கா. புல்வெளி, ஹெதர் புதர்வெளி, காற்றில் இடம் மாறும் மணல்வெளி, பைன் காடு என்று நான்கும் இங்கே கலந்து கிடக்கின்றன. நுழைவுச் சீட்டு வாங்கியவர் யாரும் தனிக் கட்டணமின்றி ஒரு வெள்ளைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு 40 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சைக்கிள் பாதைகளில் சுற்றி வரலாம். பாதுகாக்கப்பட்ட திறந்தவெளியைச் சைக்கிளில் பார்ப்பது என்ற வழக்கத்தை எடைபோட இதைவிட ஏற்ற களம் கிடைப்பது அரிது. வழக்கம் இங்கே அரை நூற்றாண்டாக நிலைத்திருக்கிறது. அதன் நன்மைகளைப் போலவே குறைகளும் முதிர்ந்து வெளிப்பட்டிருக்கின்றன.

இந்த நிலம் மனிதர் கை படாத காடு அன்று. இடைக்காலம் தொட்டு உழவர்கள் இங்கே ஆடு மேய்த்தனர். எருவுக்காக மேல்மண்ணைப் புல்லோடும் வேரோடும் வெட்டி எடுத்தனர். மரங்கள் மறைந்து, மண் வளம் குன்றி, பல இடங்களில் வெறும் மணல் வெளிவந்தது. அன்டன் க்ரோலர், ஹெலன் க்ரோலர்-முல்லர் என்ற செல்வந்தத் தம்பதியர் 1909 முதல் இந்நிலங்களை வாங்கிச் சேர்த்தனர். வேட்டைக்காகச் சுற்றிலும் வேலி எழுந்தது. மூஃப்ளான் எனப்படும் காட்டுச் செம்மறிகள் மத்தியதரைக் கடல் தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்டன. 1935இல் சொத்து ஓர் அறக்கட்டளையின் கைக்கு வந்தது. 1938இல் திறக்கப்பட்ட க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகம் வான்கோ ஓவியங்களின் பெருந்தொகுப்புக்காகப் புகழ்பெற்றது. ஆக, புல்வெளியைத் தேடி வருபவர்களோடு ஓவியம் பார்க்க வருபவர்களும் இதே பாதைகளில் போகிறார்கள்.

வெள்ளைச் சைக்கிள்கள் வந்தது 1970களின் நடுவில். பொதுவில் வைக்கப்படும் வெள்ளைச் சைக்கிள் என்ற எண்ணத்தை 1965இல் ஆம்ஸ்டர்டாமின் புரோவோ இளைஞர் இயக்கம் முன்வைத்தது. பூட்டில்லாத சைக்கிளைத் தெருவில் விடுவதைக் காவல்துறை ஏற்காததால் அது நகரத்தில் வேரூன்றவில்லை. பூங்காவிலோ அதே எண்ணம் தழைத்தது. ஓட்டர்லோ, ஹூண்டர்லோ, ஸ்கார்ஸ்பெர்ஹன் என்று வாயில்கள் மூன்று, சுற்றிலும் வேலி, எடுத்த சைக்கிள் எங்கே விடப்பட்டாலும் பூங்காவுக்குள்ளேயே இருக்கும். சில பத்துச் சைக்கிள்களோடு தொடங்கிய ஏற்பாட்டில் இன்று ஏறத்தாழ 1,800 சைக்கிள்கள் உள்ளன. வேட்டைக்குரிய விலங்குகளை உள்ளே வைத்திருக்க எழுந்த வேலிதான் இந்தப் பொதுவுடைமையைக் காத்துவருகிறது.

சைக்கிள் புகையோ பெரிய ஓசையோ எழுப்பாது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் நன்மை. உண்மைதான், ஆயினும் அதைவிட முக்கியமானது வேறொன்று. நடப்பவர் புல்லுக்குள் எங்கு வேண்டுமானாலும் விலகிப் போக முடியும். சைக்கிளில் வருபவரோ, அதிலும் கியர் இல்லாத, பெடலைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கிற, கனமான வெள்ளைச் சைக்கிளில் வருபவர், மணலிலும் புதரிலும் இறங்க மாட்டார். கெட்டியான பாதை அவரைத் தன்மேல் நிறுத்திவைக்கிறது. ஆயிரக்கணக்கானோர் வரும் நாளிலும் கால்கள் படும் இடம் சில மீட்டர் அகலக் கோடாகச் சுருங்கிவிடுகிறது. மெல்லிய மேல்மண்ணும் பாசியும் கொண்ட மணல்வெளியில் இது சிறிய நன்மை அன்று. குழந்தைகளும் முதியவர்களும் காரின் உதவியின்றி வெளியின் நடுப்பகுதியை எட்ட முடிவதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். திறந்தவெளியின் அழகு அதன் அகலத்தில் இருக்கிறது. அந்த அகலத்தை உணர நடை பலருக்கு எட்டாது, கார் மிக விரைவாகக் கடந்துவிடும்.

விலங்குகளின் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு மாறுகிறது. சைக்கிள் நடையைவிடக் குறைவாகவே விலங்குகளைத் தொந்தரவு செய்யும் என்று சைக்கிள் ஓட்டுபவர்கள் நம்புவது இயல்பு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பெரும் உப்பேரியின் புல்வெளித் தீவான ஆன்டிலோப் தீவில் டெய்லர், நைட் என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். காட்டெருமை, மியூல் மான், பிராங்ஹார்ன் ஆகிய மூன்றும் நடப்பவரிடமிருந்து விலகி ஓடிய தூரத்துக்கும் சைக்கிள்காரரிடமிருந்து விலகி ஓடிய தூரத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பாதையில் ஆள் வரும்போது 100 மீட்டருக்குள் இருந்த விலங்கு ஓடிவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 70 விழுக்காடு. பாதையை விட்டு ஆள் விலகி வந்தபோது மியூல் மான்களிடம் அது 96 விழுக்காடாக ஏறியது. வந்திருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தங்களால் விலங்குகளுக்குக் கேடு இல்லை என்றே கருதினர். ஒரு மணி நேரத்தில் சைக்கிள் நடையைவிட மூன்று நான்கு மடங்கு தூரம் போகும் என்பதையும் சேர்த்தால், ஒரே பயணத்தில் கலைக்கப்படும் விலங்குகளின் எண்ணிக்கை கூடவே செய்யும்.

இந்த 100 மீட்டரை ஓர் அளவுகோலாகக் கொண்டு ஹோகே வேலுவேயின் வரைபடத்தில் வைத்துப் பார்க்கலாம். 40 கிலோமீட்டர் பாதைக்கு இருபுறமும் நூறு நூறு மீட்டர் என்றால் 8 சதுர கிலோமீட்டர். பூங்காவின் 54 சதுர கிலோமீட்டரில் ஏறத்தாழ 15 விழுக்காடு. மனிதருக்குப் பழக்கப்பட்ட விலங்குகளுக்கு இந்தத் தூரம் குறையும்; வேட்டையாடப்படும் இடங்களில் கூடும். ஒவ்வொரு இனத்துக்கும் எண் வேறு என்றாலும் ஒன்று தெளிவாகிறது. பாதையின் அகலத்தை வைத்து அதன் பாதிப்பை அளப்பது தவறு. மரங்கள் மறைக்காத புல்வெளியில் வருபவரைத் தொலைவிலிருந்தே விலங்கு காண்கிறது. ஆகவே காட்டுக்குள் போகும் பாதையைவிடப் புல்வெளிப் பாதையின் நிழல் நீண்டது. தரையில் கூடு கட்டும் பக்கியும் வானம்பாடியும் எழுந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் முட்டையோ குஞ்சோ காவலின்றி விடப்படுகிறது.

இங்கே பாதைகளின் மொத்த நீளத்தைவிட அவை வெளியை எப்படித் துண்டாக்குகின்றன என்பதே பெரிய கேள்வி. சுற்றுலாவுக்கு வளையப் பாதை இனிமையானது: வந்த வழியே திரும்ப வேண்டாம், காட்சி மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒவ்வொரு வளையமும் தன் நடுவே ஒரு துண்டு நிலத்தைச் சிறைப்படுத்துகிறது. அந்தத் துண்டில் உள்ள விலங்குக்கு எந்தப் பக்கம் ஓடினாலும் ஒரு பாதை எதிர்ப்படும். விளிம்பையொட்டிப் போய் ஒரு காட்சிமேட்டில் முடியும் பாதை குறைந்த தொந்தரவில் அதே அகலத்தைக் காட்டும். பார்வையாளர் நுழையக் கூடாத ஓய்வுப் பகுதிகளைப் பூங்கா ஒதுக்கி வைத்திருப்பது சரியான முறை. செம்மான்களின் இணைசேரும் காலமான செப்டம்பரில் கூட்டம் கூடுவது வேறொரு சோதனை; ஆண் மான்களின் முழக்கத்தைக் கேட்கவே மக்கள் வருகிறார்கள், அவர்கள் வரவால் முழக்கம் தடைபடவும் கூடும். மாலையில் வாயில்களை மூடுவது இங்கே மிகப் பெரிய காப்பு. இரவும் விடியலும் விலங்குகளுக்கு மிஞ்சுகின்றன.

மண்ணைப் பற்றிய குறை அதிகம் பேசப்படுவதில்லை. பூங்கா அமைந்திருக்கும் வேலுவே நிலப்பகுதியின் மணல் அமிலத் தன்மை கொண்டது. ஹெதரும் பாசிகளும் அதற்குப் பழகியவை. அத்தகைய மண்ணில் சுண்ணாம்புக் கல்லோ சிப்பி ஓடோ பரப்பிப் பாதை போட்டால், மழைநீர் அந்தச் சுண்ணாம்பை ஓரங்களுக்குக் கொண்டுபோகும். ஓரத்தில் வேறு வகைச் செடிகள் முளைக்கும். சூடேறிய பாதையில் வெயில் காய வரும் பல்லிகளும் பாம்புகளும் சக்கரத்தில் சிக்குகின்றன. வேகம் குறைந்தால் இச்சாவு குறையும். மின் சைக்கிள்களின் பெருக்கம் கவலை தருவது இதனால்தான். நெதர்லாந்தில் விற்கும் புதிய சைக்கிள்களில் ஏறத்தாழ பாதி மின்சாரத்தில் ஓடுபவை. முழங்கால் வலியுள்ளவருக்கு அவை பெரும் வரம்; ஆனால் களைப்பு என்ற இயற்கையான எல்லையை அவை நீக்கிவிடுகின்றன, தொலைவான மூலைகளிலும் கூட்டம் சேரும். கனமான வெள்ளைச் சைக்கிளின் குறைந்த வேகமே அதன் சிறந்த குணம்.

வாயிலுக்கு வெளியே இருக்கும் குறை இன்னும் பெரியது. பூங்காவுக்குள் ரயில் வராது; வாயில்களில் வாகன நிறுத்துமிடங்கள் உண்டு; தனிக் கட்டணம் செலுத்தினால் சில சாலைகளில் காரோடு உள்ளேயும் போகலாம். காரில் நெடுந்தூரம் வந்து உள்ளே பத்து கிலோமீட்டர் மிதிப்பவரின் பயணத்தைத் தூய பயணம் என்று கணக்கிட முடியாது. வேலுவேயை இன்று அரிப்பது சக்கரத் தடம் அன்று, காற்றிலிருந்து இறங்கும் நைட்ரஜன். கால்நடைப் பண்ணைகளின் அம்மோனியாவும் வாகனப் புகையும் அதன் ஊற்றுகள். வளம் குன்றிய மண்ணுக்கு உரம் கிடைத்ததும் மோலினியா என்ற கோரைபோன்ற புல் ஹெதரை அமுக்கி வளர்கிறது. வெற்று மணலை அயல் பாசி மூடுகிறது. 2019 மே மாதம் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அரசின் நைட்ரஜன் திட்டத்தைச் செல்லாதென்று அறிவித்தது. கட்டுமானங்களும் சாலைத் திட்டங்களும் அதனால் தடுமாறின. சைக்கிள் பாதையைப் பசுமையின் அடையாளமாக முன்னிறுத்தும் பேச்சில் இந்த உண்மை காணாமல் போகக் கூடாது.

இந்தியாவில் ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவை ஒப்புநோக்கினால், ஹோகே வேலுவேயிடம் இல்லாத ஒன்று தெரிகிறது. 29 சதுர கிலோமீட்டர் பரப்பில் சதுப்பும் புல்வெளியும் முட்புதரும் கலந்த அந்த இடத்தைப் பெரும்பாலோர் வாடகைச் சைக்கிளிலோ ரிக்‌ஷாவிலோ பார்க்கிறார்கள். ரிக்‌ஷா ஓட்டும் உள்ளூர்க்காரர்களே பறவைகளை இனம் காட்டும் வழிகாட்டிகள். 1982இல் எருமை மேய்ச்சல் தடைசெய்யப்பட்டபோது சுற்றுக் கிராமங்களோடு மோதல் மூண்டு உயிர்கள் போயின. மேய்ச்சல் நின்றதும் நீர்ப்புல் அடர்ந்து பறவைகளுக்கான திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு பின்னர் காட்டியது. அத்தகைய காயம் உள்ள இடத்தில் சைக்கிள் சிலருக்குப் பிழைப்பாக இருப்பது பூங்காவுக்கும் ஊருக்கும் இடையே மிஞ்சியிருக்கும் உறவு. இலவச வெள்ளைச் சைக்கிள் அனைவரையும் சமமாக்குகிறது. ஆனால் நிலத்தை அறிந்த ஒருவரின் கண்களை அது கூட அனுப்புவதில்லை.

ஹோகே வேலுவேயில் பாதைகளை மறுபடி எண்ணிப்பார்க்கும் கட்டாயம் ஓநாய்களாலும் வந்திருக்கிறது. அண்மை ஆண்டுகளில் அவை பூங்காவில் குடியேறி மூஃப்ளான்களைப் பெருமளவு கொன்றுவிட்டன. பைன் நாற்றுகளைக் கடித்து வெளியைத் திறந்து வைத்திருந்தவை அந்தச் செம்மறிகள். இனி அவ்வேலையை வேறு கால்நடையோ மனிதர் கையோ செய்ய வேண்டும். செய்யாவிட்டால் சைக்கிள் பாதைகள் புல்வெளியிலிருந்து பைன் காட்டுக்குள் ஓடுபவையாகிவிடும். மேய்ச்சலுக்கும் ஓநாய்க்கும் தடையற்ற பெருந்துண்டுகள் தேவை என்பதால், நடுவெளியை வெட்டும் வளையங்கள் சிலவற்றை மூடி, அவற்றுக்கு ஈடாக விளிம்புப் பாதைகளையும் காட்சிமேடுகளையும் அமைப்பதே நேர்மையான வழி.