'பாசிட்டிவ்' என்ற ஒற்றைச் சொல்: ஒரு லேப் ரிப்போர்ட் விமர்சனம்

நாவலுக்கும் சினிமாவுக்கும் விமர்சனம் எழுதுறோம். டவுன் சிண்ட்ரோமுக்காகக் கர்ப்ப காலத்தில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் அப்படி வாசிக்கலாம். ஒரு குடும்பத்தின் தூக்கத்தையே கெடுக்கிற எழுத்து அது.

11 முதல் 13 வாரங்களில் டபுள் மார்க்கர், 15 முதல் 20 வாரங்களில் குவாட்ரபிள் மார்க்கர். தாயின் ரத்தத்தில் சில புரதங்களையும் ஹார்மோன்களையும் அளந்து, வயதையும் சேர்த்து, மென்பொருள் ஒரு விகிதம் சொல்கிறது. 1:200 என்று வந்தால், பல லேப்களின் எல்லையான 1:250-ஐத் தாண்டியதால் 'ஸ்கிரீன் பாசிட்டிவ்' என்று தடித்த எழுத்தில் அச்சாகிறது. அந்த எண்ணின் அர்த்தம் என்ன? அதே மாதிரி 200 கர்ப்பங்களில் 199-ல் டவுன் சிண்ட்ரோம் இருக்காது. எண் ஒன்று சொல்ல, சொல் வேறொன்று சொல்கிறது. முதல் குறை இது.

ஒரு கணக்குப் போடுவோம். 10,000 கர்ப்பங்கள், 800-க்கு ஒன்று பாதிப்பு என்று வைத்தால் சுமார் 12. குவாட்ரபிள் டெஸ்ட் தோராயமாக 80 சதவீதத்தைப் பிடிக்கும். 10 கிடைக்கும், 2 தப்பிவிடும். தவறான எச்சரிக்கை 5 சதவீதம் என்றால் 500 பேர். ஆக, பாசிட்டிவ் வாங்கிய சுமார் 50 பேரில் ஒருவருக்குத்தான் உண்மையில் பாதிப்பு.

இரண்டாவது குறை, உள்ளீடு. டவுன் பாதிப்பில் பொதுவாக ஏஎஃப்பி குறையும், ஹெச்சிஜி கூடும். 15 வாரக் கர்ப்பத்தை 17 என்று பதிந்தாலும் கிட்டத்தட்ட அதே தோற்றம்தான் வரும். ஏன்னா வாரம் ஏற ஏற முதலாவது கூடும், இரண்டாவது குறையும். கடைசி மாதவிடாயை "ஆடி வெள்ளிக்கு அடுத்த வாரம்", "நோன்பு விட்ட நாள்" என்று ஞாபகம் வைத்திருப்பவர்கள் நம்ம ஊரில் உண்டு. அதனால் ஆரம்ப ஸ்கேன் சொல்லும் வாரம்தான் நம்பகமானது. எடை, சர்க்கரை நோய், ஐவிஎஃப் எல்லாமே கணக்கை மாற்றும். இவை ரிப்போர்ட்டின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். முதலில் அங்கேதான் பாருங்க.

மூன்றாவது குறை, ரிப்போர்ட் சொல்லாமல் விடுவது. அந்த இடைவெளியில் ஊர் பேசும்: "டேனரில வேலை பார்த்ததால", "மாமன் பையனைக் கட்டினதால". பெரும்பாலான டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம், கருமுட்டை உருவாகும்போது 21-வது குரோமோசோம் சரியாகப் பிரியாததுதான். வயதோடு அந்த வாய்ப்பு கூடும். சொந்தத்தில் கல்யாணம் வேறு சில மரபு நோய்களுக்குக் காரணமாகலாம்; இதற்கு அல்ல. "இது உங்கள் தவறல்ல" என்று ஒரு வரி அச்சிட்டால் லேப்புக்கு என்ன நஷ்டம்?

அடுத்த படியாகச் செய்யப்படும் என்ஐபிடி இதைவிடத் துல்லியமானது, ஆனால் அதுவும் ஸ்கிரீனிங்தான். உறுதி செய்ய ஆம்னியோசென்டெசிஸ் போன்ற பரிசோதனை வேண்டும். அதில் சிறிய கருச்சிதைவு அபாயம் உண்டு. மார்க்கர் ரிப்போர்ட் ஒரு கேள்வியைத்தான் எழுப்புகிறது. அதைத் தீர்ப்பு மாதிரி அச்சடிப்பதுதான் சிக்கல். இந்தத் தாளை மட்டும் வைத்துக் கர்ப்பத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீங்க.