பெயர் பெற்ற கொலைகாரன்

அமெரிக்கச் சித்திரக்கதையான பாட்மனில், சிறுவனின் கண்ணெதிரே அவன் தாய் தகப்பனைச் சுட்டுவிட்டு ஓடுகிறவனுக்கு 1939-ல் பெயரே கிடையாது. எந்த வழிப்பறிக்காரனாகவும் இருக்கலாம். பயமே அதில்தான் இருந்தது. 1948-ல் பில் ஃபிங்கர் அவனுக்கு ஜோ சில் என்று பெயரிட்டு, லாரி கம்பெனி ஒன்றையும் கொடுத்துவிட்டார். பயம் பாதி போயிற்று என்பது என் கட்சி. ஆனால் பின்னால் வருகிற கட்டத்துக்காக எதையும் மன்னிக்கலாம். கொலையை நிரூபிக்கச் சாட்சியம் இல்லை. பாட்மன் முகமூடியைக் கழற்றித் தன் முகத்தையே காட்டுகிறான். சில் பதறியடித்துக்கொண்டு தன் ஆட்களிடம் ஓடி, பாட்மன் உண்டானதே தன்னால்தான் என்று உளறுகிறான். அடைக்கலம் கேட்டுப் போன இடம்! பாட்மனிடம் பட்டுச் சலித்தவர்கள் ஆத்திரத்தில் அவனைச் சுட்டுவிட்டு, முகமூடிக்குள் இருப்பவன் யாரென்று கேட்காமல் போனோமே என்று விழிக்கிறார்கள்.