தோல்விகளுக்கு நடுவே நம்பிக்கை: மலையக இடதுசாரி மரபை வாசிக்கும் முறை

இலங்கை மலையகத்தின் இடதுசாரி மரபில் நம்பிக்கையைத் தேடும் வாசகர், வென்ற போராட்டங்களை மட்டும் எண்ணத் தொடங்கினால் விரைவில் சோர்ந்துவிடுவார். யார் யாருக்காக எழுந்து நின்றார் என்று கேட்டுப் படித்தால் அதே வரலாறு வேறு முகம் காட்டும். உடைமையைவிட உழைப்புக்கே சமூகத்தில் முதலிடம் என்று கருதும் இடதுசாரிச் சிந்தனை, உழைப்போரை இனமும் மொழியும் பிரிக்க வேண்டியதில்லை என்று நம்புகிறது. அந்த எண்ணம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் வாசல்வரை வந்த தருணங்களிலேயே ரசனை தொடங்க வேண்டும்.

மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றில் தொழில் பழக வந்த ஆஸ்திரேலிய இளைஞர் பிரேஸ்கேர்டில், தோட்ட நிர்வாகிகளான துரைமார் வரிசையிலிருந்து விலகி, இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்து, 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தொழிலாளர் பக்கம் நின்று பேசினார். அவரை நாடுகடத்த ஆளுநர் பிறப்பித்த உத்தரவை உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தபோது, விசாரணை ஆணைக்குழுவின் முன் அவருடைய மனைவிக்காக அதே கட்சியைச் சேர்ந்த சிங்களச் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். துரையின் சொல்லே சட்டமாயிருந்த மலைகளில் ஒரு கூலித் தொழிலாளியின் சாவுக்கு அரசு பதில் சொல்ல நேர்ந்தது என்பதை, இந்த இடத்தில் நின்று நிதானித்து உணர வேண்டும்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் படிப்பது அவசியம். இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்த அதே சமசமாஜக் கட்சி, 1964இல் ஆட்சியில் பங்கேற்றது; அதன் தலைவர் என். எம். பெரேரா நிதியமைச்சராக இருந்த வேளையிலேயே, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கிய, இரு நாட்டுப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. இது ஆழமான துரோகமே. ஆயினும் அதைத் துரோகம் என்று அளக்க உதவும் அளவுகோல் முல்லோயாக் காலத்துக் கட்சி தந்ததுதான்.

ஏடுகளோடு நிற்காமல், தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாளின் பாடல்களையும் நாட வேண்டும். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள் கூட்டங்களில் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளவே அவை பாடப்பட்டன என்பதால், மனத்துக்குள் படிப்பதைவிடப் பலர் கூடி வாய்விட்டுப் பாடுவதே அவற்றுக்குப் பொருந்தும்.