தோட்டப் பாடலும் சுரக்குறிப்பும்

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் கம்போங் குவாந்தானைச் சூழ்ந்த தோட்டங்களில் வழங்கிய தாலாட்டும் ஒப்பாரியும் பெரும்பாலும் சொல்வடிவிலேயே பதிவாகியுள்ளன. அவ்வடிவத்தை மட்டும் கொண்டு, 'யாப்பு சிதைந்தவை' என இவற்றை மதிப்பிடுவது நம் வழக்கமாகிவிட்டது. என் முதற் களப்பணிக் குறிப்பேட்டிலும் அத்தொடர் உண்டு. அம்முடிவு மறுபரிசீலனைக்கு உரியது.

அப்பணியில் ஒலிநாடாவில் எஞ்சியது ஒரு தாலாட்டு மட்டுமே. ஒற்று நீங்கலாக அதன் முதலடியில் பதினாறு எழுத்துகள், இரண்டாமடியில் பத்து. தாளில் இரண்டாமடி குறையுடையதாகவே தோன்றும். தாளமிட்டுக் கேட்டால், எண்ணிக்கைக்கு இரண்டெழுத்தாக முதலடி எட்டு எண்ணிக்கையில் முடிகிறது. இரண்டாமடி ஐந்தில் முடிந்து, ஈற்றெழுத்து எஞ்சிய மூன்றிலும் நீள்கிறது. குறைந்தது அடியன்று, நம் பதிவே.

இந்நீட்சியை எழுதிக்காட்டச் சுரக்குறிப்பில் எளிய வழியுண்டு. குறிற்சுரம் ஓரலகு, நெடிற்சுரம் ஈரலகு. காற்புள்ளி ஓரலகும் அரைப்புள்ளி ஈரலகும் நீட்டும். எண்ணிக்கைக்கு ஈரலகெனக் கொண்டால், மேற்கண்ட நீட்சிக்கு மூன்று அரைப்புள்ளிகள் போதும். குறில், நெடில் மாத்திரை கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. எழுத்துகள் தம் அளவிறந்து ஒலித்தலை இசைநூலுக்கு உரியதாகத் தொல்காப்பிய நூன்மரபின் இறுதி நூற்பா சுட்டுகிறது. நாமோ இசைநூலை நாடாமலே பாடலுக்குத் தீர்ப்பு வழங்கினோம்.

எனினும் சுரக்குறிப்பும் முழுமையானதன்று. பாடம் கேட்டவர் மீண்டும் பாடுவதற்கு நினைவூட்டாகவே கருநாடக இசையில் அது பெரிதும் பயன்படுகிறது. 1904இல் வெளிவந்த 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி'யில் சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்குத் தனிக்குறியீடுகள் அமைத்தமை, வெறும் சுரம் போதாமையை உணர்த்தும். பாடுவதற்கு வழிகாட்டும் எழுத்து வேறு, பாடியதை விவரிக்கும் எழுத்து வேறு எனச் சார்லசு சீகர் 1958இல் வேறுபடுத்தினார். நமக்கு வேண்டுவது பின்னது. தாலாட்டென்றதும் நீலாம்பரி எனப் பெயரிட்டு, பன்னிரு சுரத்தானங்களுள் அடக்குதல் மற்றொரு பிழையாகும். அங்கேரிய நாட்டுப்பாடல்களை 1906 முதல் ஒலிப்பதிவுக் கருவிகொண்டு தொகுத்த பேலா பார்த்தோக், சுருதியின் சிறுவிலகல்களை அம்புக்குறியிட்டுக் காட்டினார். ஐந்துகோட்டு முறையும் அவருக்கு அவ்வாறே போதவில்லை.

ஆகவே சொல், தாளக்கணக்கு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைதல் வேண்டும். இராகப் பெயர் இறுதியில் வரலாம்; வராமலும் போகலாம். இரப்பர் அழிந்து செம்பனை பரவ, லயங்கள் வெறுமையாயின, பாடுவோர் அருகினர். இன்று முதிய குரலொன்றைக் கேட்கும் ஆசிரியர், எழுத்துகளின்மேல் தாளக்குறியிடுவதேனும் செய்தல் வேண்டும். என் குறிப்பேட்டின் ஏனைய பாடல்களில் எவ்வெழுத்து எவ்வளவு நீண்டதென இனிக் கேட்டறிய அம்மூதாட்டி இல்லை. அவற்றைச் சிதைந்தவை என்று சொல்லும் தகுதியும் எனக்கில்லை.