யாழின் குற்றமும் கிதாரின் பெயரும்

சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையார் இலம்பகத்தில் ஒரு காட்சி வருகிறது. இசைப் போட்டிக்கு வந்த சீவகனிடம் யாழ்களைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவன் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளுகிறான். இது நீரில் கிடந்த மரம், இது தீயில் வெந்தது, இது இடி விழுந்தது என்று காரணமும் சொல்கிறான். ஒன்றில் நரம்புக்குள் மயிர் கிடப்பதை எடுத்துக் காட்டுகிறான். குற்றமற்ற யாழ் கைக்கு வந்த பிறகே வாசிக்கிறான். திருத்தக்கதேவரின் இசையறிவுக்கு இந்த இடத்தைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். எனக்கு இதில் வேறொன்றும் தோன்றுவதுண்டு. மரத்தைப் பற்றி இவ்வளவு கேட்ட சீவகன், இந்த யாழைச் செய்தவர் யார் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டவன் என் பேரன். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் எங்கள் வீடு. கல்லூரியில் படிக்கும் அவன் தன் அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறான். இடப்பக்கம் கம்பெனிகளின் பெயர்கள், வலப்பக்கம் அவற்றின் கிதாரை வாசித்தவர்கள். ஃபென்டர் என்றால் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், எரிக் கிளாப்டன், டேவிட் கில்மர். கிப்சன் என்றால் பி.பி. கிங், ஜிம்மி பேஜ். ரிக்கன்பேக்கர் என்றால் ஜார்ஜ் ஹாரிசன். ஒருநாள் அந்தத் தாளைக் காட்டியே கேட்டான்:

"தாத்தா, எனக்கு ஒரு கிப்சன் வேணும். இங்க வாங்கின கிதார்ல அந்த சவுண்டே வர மாட்டேங்குது."

"கை வந்தா எதுலயும் வரும்டா."

"அப்ப ஏன் பெரிய ஆளுங்க எல்லாரும் அதையே வாசிக்கிறாங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் கிதார் வாசிக்கிறவன் அல்ல. அம்மாவின் வீணையைக் கேட்டு வளர்ந்தவன், அவ்வளவுதான். இருந்தாலும் கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடிப் படித்ததையும் கேட்டதையும் அன்பர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம். வீணைக்குக் குடம் உண்டு. தந்தியின் அதிர்வு குதிரை வழியாகப் பலா மரத்துக்குள் இறங்கி, குடத்துக்குள் பெருகி வருகிறது. கட்டைக் கிதார் எனப்படும் மின் கிதாருக்குக் குடமே கிடையாது. இரும்புத் தந்தி அதிர்கிறது. அதன் அடியில் காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. தந்தியின் அசைவு சுருளில் மின்னலையாகி ஒலிபெருக்கிக்குப் போகிறது. ஆகவே இங்கே மரத்தைவிடச் சுருளுக்கே பேச்சு அதிகம். ஃபென்டரின் புகழ்பெற்ற மாடல்களில் ஒற்றைச் சுருள். ஒலி தெளிவாக, மணி அடித்தாற்போல இருக்கும். ஆனால் வீட்டு மின்சாரத்தின் இரைச்சலும் கூடவே வரும். கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அந்த இரைச்சலை அடக்கினார். 1957 முதல் அது கிப்சன் கிதார்களில் வந்தது. அதன் நாதம் கனமானது. தந்தியின் நீளத்திலும் வேறுபாடு உண்டு. ஃபென்டரில் இருபத்தைந்தரை அங்குலம், கிப்சனில் ஏறக்குறைய இருபத்து நாலே முக்கால். நீளம் குறைந்தால் தந்தி சற்றுத் தளர்வாக இருக்கும், இழுப்பது எளிது.

ஆக, பேரன் சொன்னதில் பாதி உண்மை. கருவிக்குக் கருவி நாதம் மாறத்தான் செய்கிறது. கருவியில் ஒன்றுமே இல்லை, எல்லாம் கைதான் என்று நான் சொன்னது சோம்பேறித்தனமான பதில். சீவகனே அப்படிச் சொல்லவில்லையே!

ஆனால் இந்த வேறுபாடெல்லாம் சுருளையும் நீளத்தையும் சேர்ந்தவை. பெயரைச் சேர்ந்தவை எவை? அங்கேதான் கதை குழம்புகிறது.

லியோ ஃபென்டர் கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ பழுது பார்த்தவர். கிதார் வாசிக்கத் தெரியாதவர். 1954இல் அவர் கம்பெனி ஸ்ட்ராடோகாஸ்டரைக் கொண்டுவந்தது. 1965இல் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். அதற்குப் பின் தரம் இறங்கிவிட்டது என்பது வாசிப்பவர்களின் பொதுவான குறை. இன்றும் 1965க்கு முந்தைய ஃபென்டருக்குத் தனி விலை. பெயர் அதே பெயர்தான். வாங்குகிறவர்களே அந்தப் பெயரை நம்புவதில்லை, ஆண்டைக் கேட்கிறார்கள். ஆனால் 1969இல் வுட்ஸ்டாக் விழாவில் அமெரிக்க தேசிய கீதத்தைக் குண்டுச் சத்தமும் ஓலமுமாக ஹென்ட்ரிக்ஸ் வாசித்தாரே, அந்த வெள்ளை ஸ்ட்ராடோகாஸ்டர் 1968இல் செய்தது! தரம் குறைந்துவிட்டது என்று ஒதுக்கப்படும் காலத்துச் சரக்கு. அதோடு அது வலக்கைக்காரருக்கான கிதார். இடக்கைக்காரரான அவர் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். ஸ்வரத்தை மெல்ல அசைப்பதற்காக வைத்த கம்பியை அழுத்தி, ஸ்வரத்தைப் பாதாளத்துக்கே இறக்கினார். செய்தவர் நினைத்துப் பார்க்காத கிதார் அது.

கிப்சன் கதை இன்னும் விசித்திரம். லெஸ் பால் என்ற கலைஞரின் பெயரில் 1952இல் வந்த கட்டைக் கிதார் போகப் போக விற்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் கம்பெனியே அதை நிறுத்திவிட்டது. 1966இல் ஜான் மேயாலின் குழுவில் கிளாப்டன் ஒரு பழைய லெஸ் பாலை உச்ச ஒலியில் வைத்து வாசித்த இசைத்தட்டு வெளியானது. கனமான, நீண்டு நிற்கும் அந்த நாதத்துக்காக இளைஞர்கள் பழைய லெஸ் பால்களைத் தேடி அலைந்தார்கள். 1968இல் கம்பெனி அதை மீண்டும் செய்யத் தொடங்கியது. கம்பெனி கைவிட்டதை ஒரு கை மீட்டுக் கொடுத்தது. பெயர் கலைஞரை உயர்த்தியதா, கலைஞர் பெயரை உயர்த்தினாரா? நீங்களே சொல்லுங்கள். அந்தக் கிளாப்டனும் பிறகு ஃபென்டருக்குப் போய்விட்டார். 1970இல் வாங்கிய ஸ்ட்ராடோகாஸ்டர்களில் மூன்றின் பாகங்களைப் பொறுக்கிச் சேர்த்து 'பிளாக்கி' என்று ஒன்றை உருவாக்கிக்கொண்டார். 2004 ஏலத்தில் அது 9,59,500 டாலருக்குப் போனது. கில்மரின் கறுப்பு ஸ்ட்ராடோகாஸ்டர் 2019இல் 39,75,000 டாலர். அதற்குக் கழுத்தே பலமுறை மாற்றப்பட்டிருந்தது. இந்த விலை மரத்துக்கா, சுருளுக்கா, பெயருக்கா? ஒரு மனிதர் ஆண்டுக்கணக்காக அதை மடியில் வைத்திருந்தாரே, அதற்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பி.பி. கிங்கின் 'லூசில்' இதற்கு நல்ல சாட்சி. 1949இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ட்விஸ்ட் என்ற சிற்றூரில் ஒரு நடனக் கூடம் தீப்பிடித்தது. லூசில் என்ற பெண்ணுக்காக இரண்டு பேர் சண்டை போட்டு, மண்ணெண்ணெய் கொட்டிப் பிடித்த தீ. வெளியே ஓடிவந்த கிங், உள்ளே விட்டுவந்த கிதாருக்காகத் திரும்ப நுழைந்து உயிர் பிழைத்தார். இனி இந்த முட்டாள்தனம் கூடாது என்று நினைவூட்டிக்கொள்ள அதற்கு லூசில் என்று பெயர் வைத்தார். அது விலை மலிவான கிதார். பின்னால் அவர் வாசித்த ஒவ்வொரு கிதாருக்கும் அதே பெயர்தான். குடமுள்ள கிப்சனை வாசித்தபோது அதன் துளைகள் வழியாக ஊளைச் சத்தம் வரும் என்று துணியைத் திணித்து அடைத்தார். 1980இல் கம்பெனி துளையே இல்லாமல் செய்து, 'லூசில்' என்று பெயரிட்டு விற்றது. கருவியின் குற்றத்தைக் கண்டவர் வாசித்தவர், திருத்திக்கொண்டது கம்பெனி.

கம்பெனியே இல்லாத கதையும் உண்டு. பிரையன் மே 1963இல் தொடங்கி, பள்ளிப் பருவத்தில், தன் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிதார் செய்தார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரம், உள்ளே மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங். பிற்பாடு குவீன் குழுவில் உலகம் கேட்டது அந்தக் கிதாரைத்தான். பேரனின் தாளில் மே பெயர் இல்லை. ஏன் என்று கேட்டேன். "அவருக்கு பிராண்ட் இல்லையே தாத்தா, எந்தப் பக்கம் எழுதறது?" என்றான். பட்டியலின் குறை அந்த ஒரு பதிலிலேயே தெரிந்துவிட்டது.

நம் நாட்டுப் பக்கம் வருவோம். 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோடு 'கால் ஆஃப் தி வேலி' இசைத்தட்டில் வாசித்த பிரிஜ் பூஷண் காப்ரா கையில் இருந்ததும் ஒரு கிப்சன்தான். அதை மடியில் கிடத்தி, தந்திகளை உயர்த்தி, சுருதித் தந்தி சேர்த்து இந்துஸ்தானி வாத்தியமாக்கிக்கொண்டார். ஜான் மெக்லாலின், சிலப்பதிகார இசையை ஆராய்ந்த டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். 'சக்தி' குழுவுக்காக அவருக்குக் கிப்சன் செய்து கொடுத்தது மின் கிதார் அல்ல, குடமுள்ள கிதார். அதில் மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்க வேண்டியிருந்தது. வீணையில் மெட்டுகள் மெழுகில் உயர்ந்து நிற்பதால் விரல் மரத்தில் படாது, தந்தியை இழுத்துக் கமகம் காட்டலாம். அந்த வசதியைக் கிதாரில் கேட்டார். சாதாரண கிப்சனில் அது இல்லை.

இன்னொன்று. நாம் 'வீணை தனம்மாள்' என்கிறோம், 'மாண்டலின் ஸ்ரீனிவாஸ்' என்கிறோம். வாத்தியம் கலைஞரின் முதற்பெயராகிறது. அவர்களிடம் லெஸ் பால் வாத்தியத்தின் பெயராகிவிட்டார். அவர்கள் வழக்கம் வியாபாரம், நம் வழக்கம் பண்பாடு என்று இத்தோடு முடித்திருப்பேன். முடிக்கவும் இருந்தேன். பேரன் விடவில்லை.

கூடத்து மூலையில் அம்மாவின் வீணை இருக்கிறது. மெட்ராஸ் மெயிலில் அப்பாவின் மடியில் ஹௌராவுக்கு வந்தது. அம்மா போன பிறகு யாரும் தொடவில்லை. இந்த ஊர் ஈரத்தில் மெழுகு தளர்ந்து, குடத்தில் ஒரு விரிசலும் விழுந்துவிட்டது.

"இதை யார் செஞ்சாங்க தாத்தா?"

"தஞ்சாவூர் வீணைடா."

"அது ஊர் பேரு. ஆள் பேரு?"

எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், நான் கேட்டதில்லை. பலா மரத்தைக் குடைந்து, யாளி முகம் செதுக்கி, இருபத்து நான்கு மெட்டுகளையும் காதாலேயே நிறுத்திய அந்த ஆசாரிக்கு என் வீட்டில் பெயரில்லை. 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது மகிழ்ந்தவன்தான் நான். அதுவும் ஊருக்குக் கிடைத்த பெயரே.

கம்பெனிப் பெயருக்குள்ளும் இப்படி ஆட்கள் மறைந்திருக்கிறார்கள். ஃபென்டரில் ஆரம்ப ஸ்ட்ராடோகாஸ்டர்களின் கழுத்தைச் செதுக்கியவர்களில் தடேயோ கோமஸ் ஒருவர். கழுத்தின் அடியில், திருகாணியைக் கழற்றினால் மட்டும் தெரியும் இடத்தில், பென்சிலால் தன் பெயரின் முதலெழுத்துகளை எழுதிவைத்தார். 1956இல் வேலைக்குச் சேர்ந்த அபிகேல் இபாரா என்ற பெண்மணி அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தச் செம்புச் சுருள்களைச் சுற்றினார். ஹென்ட்ரிக்ஸ், கில்மர் என்று நாம் கொண்டாடும் ஒலி இப்படிப்பட்ட கைகளின் வழியாக வந்தது. அங்கே தேடினால் பெயர் கிடைக்கிறது. இங்கே தேடுவதற்குக்கூட ஒரு பென்சில் எழுத்து இல்லை. ஆகையால் பேரனின் பட்டியல் தவறு என்பது என் முடிவல்ல. அது பாதிப் பட்டியல். வாசித்தவரும் விற்றவரும் இருக்கிறார்கள், செய்தவர் இல்லை. என்னிடம் இருந்ததோ கால் பட்டியல்.

கிப்சன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். லால்பஜார் பக்கம் ரவீந்திர சரணியில் வாத்தியம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் அவன் கிதாரைக் கொண்டுபோனோம். சீவகனைப் போலவே அவரும் ஒவ்வொன்றாகக் குற்றம் சொன்னார். கழுத்து வளைந்திருக்கிறது, தந்தி உயரம், சுருள் மட்டம். இரண்டு நாளில் சரிசெய்து கொடுத்தார். பேரன் கேட்ட சவுண்ட் முழுசாக வந்துவிடவில்லை. ஒற்றைச் சுருள் ஒற்றைச் சுருள்தானே! ஆனாலும் நன்றாகவே வாசிக்கிறது. கிப்சன் தன் முதல் சம்பளத்தில் என்று ஒத்திவைத்திருக்கிறான்.

சுவரில் இருந்த தாளில் இப்போது மூன்றாவது பத்தி ஒன்று கோடு போட்டிருக்கிறான்: 'செய்தவர்'. அதில் கோமஸ், இபாரா, பிரையன் மேயும் அவர் அப்பாவும் இருக்கிறார்கள். கிதாரைச் சரிசெய்த பெரியவரும் இருக்கிறார். கடைசி வரியில் 'கொள்ளுப்பாட்டி வீணை' என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறான்.

சங்கத்து அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வீணையோ தம்பூராவோ மிருதங்கமோ இருந்தால், செய்தவர் பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு சீட்டில் எழுதி அதனுள் போட்டு வையுங்கள். சீவகன் கேட்க மறந்தது போகட்டும். நாம் கேட்டுவிடலாம்.